கரணம் தப்பவில்லை

(புதுச்சேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘சூர்யா’ என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பின்வரிசையில் நாலைந்து இளைஞர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடிகர் சூர்யா இல்லை. இவர் ஒரு பெண், பிரெஞ்சுக்காரி. சூர்யா பொனாலி. பனித்தரையில் சறுக்கி ஆடியவர். ஏமாற்றமாக இருந்தால் இப்போதே எழுந்து போகலாம், நான் தவறாக நினைக்கமாட்டேன். வெளியே டீ தயாராக இருக்கிறது.

ஐஸ் நம் ஊருக்குப் புதிதில்லை. விடியற்காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வண்டியிலிருந்து ஐஸ் பாரை இழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். ஈரத் தரையில் அது சர்ரென்று போய்ச் சுவரில் முட்டி நிற்கும். தள்ளுகிறவர் மட்டும் கால்விரல் பத்தாலும் தரையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஐஸ் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான், வழுக்காமல் இருப்பது. நான் பேச வந்திருப்பது வழுக்குவதையே வித்தையாக்கிக்கொண்டவர்களைப் பற்றி.

1998 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. மக்களவைத் தேர்தல் நேரம். குருசுக்குப்பத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் போய்க்கொண்டே இருந்தன. பெரியப்பா சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனா வரை போய்வந்தவர். 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமகனாகவே நீடிக்கலாம் என்று ஒரு வாய்ப்பு இருந்ததல்லவா, அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர்.

உள்ளே கேபிளில் பிரெஞ்சு சேனல் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானில் நாகானோ நகரம், குளிர்கால ஒலிம்பிக். “டேய், உள்ள வா. நம்ம பொண்ணு வருது” என்று கூப்பிட்டார். எந்தக் கணக்கில் நம்ம பொண்ணு என்று நான் கேட்கவில்லை. நாட்டுக் கணக்கா, பெயர்க் கணக்கா, நிறத்துக் கணக்கா? மூன்றும் சேர்ந்துதான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

நீல உடையில் ஒரு கறுப்பினப் பெண். பின்னணியில் விவால்டியின் வயலின். ஆட்டம் பாதியைத் தாண்டியிருக்கும். முதுகுப் பக்கமாகச் சறுக்கிக்கொண்டு வந்தவர், திடீரென்று பின்னால் எம்பி, தலைகீழாகச் சுழன்று, ஒற்றைக் காலில் இறங்கி, இறங்கிய வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போனார். எல்லாம் சேர்ந்து ஒரு நொடிகூட ஆகியிருக்காது. பெரியப்பா சாய்வு நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் வலிக்காரர் அவர்.

அந்தக் குட்டிக்கரணத்துக்கு அங்கே தடை இருந்தது. செய்தால் மதிப்பெண் கூடாது, குறையும். தெரிந்தேதான் செய்தார். ஏன் செய்தார் என்பதைச் சொல்ல, முதலில் கோலத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டின் பெயர் ஃபிகர் ஸ்கேட்டிங். நம் கல்லூரிப் பிள்ளைகள் சொல்கிற ஃபிகர் இல்லை. ஃபிகர் என்றால் இங்கே உருவம், வரைகோடு. ஸ்கேட்டிங் பூட்ஸின் அடியில் இருக்கிற பிளேடை ஒரு நாள் கையில் வாங்கிப் பாருங்கள். கத்தி மாதிரி ஒற்றை முனை இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு, அதற்கு இருபுறமும் இரண்டு விளிம்புகள். உட்புற விளிம்பில் சாய்ந்தால் ஒரு பக்கம் வளையும், வெளிப்புற விளிம்பில் சாய்ந்தால் மறுபக்கம் வளையும். போன தடம் பனியில் வெள்ளைக் கோடாக விழும். ஆரம்ப காலத்தில் இந்தக் கோடுதான் போட்டியே. ஒற்றைக் காலில் நின்று எட்டு போடவேண்டும். போட்ட எட்டின் மேலேயே இன்னொரு எட்டு, அதன் மேல் மற்றொன்று. கோடு விலகக்கூடாது. போட்டியாளர் நகர்ந்ததும் நடுவர்கள் பனியில் இறங்கி, குனிந்து, இழை பிசகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மார்கழியில் எதிர்வீட்டுக் கோலத்தை நம் பாட்டிமார் பார்ப்பார்களே, அதே பார்வை.

ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இந்தக் கோலத்துக்குத்தான். அதைப் பாதியாகக் குறைத்த பிறகும் ஒரு வேடிக்கை நடந்தது. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் ட்ரிக்ஸி ஷூபா தங்கம் வென்றார். கோலம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இசைக்கு ஆடும் சுற்றில் அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். ஆட்டத்தில் எல்லோர் மனத்தையும் அள்ளிய அமெரிக்கப் பெண் ஜேனட் லின் வெண்கலத்தோடு திரும்பினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோலத்தை யார் டிவியில் பார்ப்பார்கள்? அதன் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து, 1990உடன் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அளந்து பார்க்கக்கூடியதாக இருந்த ஒரே பகுதி அதுதான்.

அந்த வாசல் மூடிய நேரத்தில்தான் சூர்யா பொனாலி உள்ளே வருகிறார்.

1973 டிசம்பர் 15, பிரான்ஸின் தென்கரையில் நீஸ் நகரத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே சுசான், ஜார்ஜ் பொனாலி என்ற வெள்ளைத் தம்பதி தத்தெடுத்தார்கள். சூர்யா என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள்தான். சுசான் உடற்பயிற்சி ஆசிரியை. குழந்தை நடக்கத் தொடங்கிய கையோடு எல்லா விளையாட்டிலும் விட்டுப் பார்த்திருக்கிறார். முதலில் பிடித்துக்கொண்டது ஜிம்னாஸ்டிக்ஸ். தரையில் ஓடிவந்து அடுக்கடுக்காகக் கரணம் போடும் டம்ப்ளிங் பிரிவு. பனியை முழுதாகப் பிடித்தது அப்புறம்தான். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

பெண் பெரிய அளவில் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் பயிற்சியாளர் திதியே கையாகே ஒரு காரியம் செய்தார். இவள் ரீயூனியன் தீவில் பிறந்தவள் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார். நீஸில் பிறந்தவள் என்றால் யார் எழுதுவார்கள்? தூரத்துத் தீவு, கடல், தென்னை என்றால் படிப்பார்கள். கதை பல நாள் ஓடியது, பிறகு பொய் என்று தெரிந்துபோனது.

ரீயூனியன் என்றால் புதுச்சேரிக்காரனுக்குக் காது நிமிர வேண்டும். 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்த பிறகு, அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி ஒப்பந்தத்தில் கப்பல் ஏறியவர்களில் பலர் இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே தீ மிதிக்கிறார்கள். மொழி போய்விட்டது, தீமிதி போகவில்லை. நம் ஆட்கள் கண்ணீரோடு கப்பலேறிய இடம் பாரிஸ்காரரின் கண்ணுக்கு ஒரு விளம்பர அட்டை. கையாகேவை இத்தோடு விடப்போவதில்லை, திரும்ப வருவார்.

இனிச் சாதனைக் கணக்கு. தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் பிரெஞ்சு சாம்பியன். 1991 முதல் 1995 வரை ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன். உலகப் போட்டியில் 1993, 1994, 1995 மூன்று ஆண்டும் வெள்ளி. ஒலிம்பிக்கில் ஐந்தாவது, நான்காவது, கடைசியாகப் பத்தாவது. ஐரோப்பாவில் ஐந்து தங்கம் வாங்கியவருக்கு உலகத் தங்கம் ஒன்றுகூட இல்லை, ஒலிம்பிக்கில் எந்தப் பதக்கமும் இல்லை.

1992இல் சொந்த நாட்டில், ஆல்பர்வில் ஒலிம்பிக். தொடக்க விழாவில் எல்லா வீரர்கள் சார்பிலும் உறுதிமொழி எடுத்தவர் 18 வயது சூர்யா. அந்தப் போட்டியில் அவர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்: காற்றில் நான்கு சுற்று. அதுவரை எந்தப் பெண்ணும் ஒலிம்பிக்கில் முயலாதது. சுற்று முழுமையடையவில்லை, கால் சுற்றோ என்னவோ குறைந்தது. போட்டியில் ஒரு பெண் நான்கு சுற்றை முழுசாகச் சுற்றி இறங்கியது 2002இல்தான், ஜப்பானின் மிக்கி ஆண்டோ. பத்து வருடம்! முந்தி ஓடியவருக்கு என்ன கிடைத்தது? ஐந்தாவது இடம்.

1994 மார்ச், ஜப்பானில் சிபா நகரம், உலகப் போட்டி. முந்தின மாதம் ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற மூவருமே இதில் ஆடவில்லை. களம் திறந்து கிடந்தது. சூர்யாவும் ஜப்பானின் யூகா சாட்டோவும் கடைசியில் சமமாக வந்து நின்றார்கள். ஒன்பது நடுவர்களில் ஐவர் சாட்டோ பக்கம், நால்வர் சூர்யா பக்கம். ஒரே ஒரு தலை.

பரிசளிப்பு. சாட்டோ மேடையில் ஏறினார். சூர்யா முதலில் ஏறவில்லை. இரண்டாம் படிக்குப் பக்கத்தில், கீழே தரையில் நின்றார். ஓர் அதிகாரி வந்து இதமாகச் சொல்லி ஏற்றினார். அழுதுகொண்டே நின்றவரின் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். மாட்டிய கையோடு கழற்றிவிட்டார். அரங்கம் கூச்சலிட்டது. பிறகு நிருபர்களிடம் தனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்ற அளவில் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பெரியப்பாவின் மகள் பிரான்ஸிலிருந்து அனுப்பும் பத்திரிகைக் கட்டில் இந்தச் செய்தி வந்திருந்தது. பெரியப்பாவுக்கு மெடல் சாமி மாதிரி. ஜூலை 14 அன்று காலையில் இஸ்திரி போட்ட கோட்டில் வரிசையாகக் குத்திக்கொண்டு, கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மற்ற சொல்தாக்களோடு நடந்து போவார். மற்ற நாளில் அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மாட்டிக்கறது சுலுவு. கழட்டறதுதான் கஷ்டம்” என்றார். அதற்கு மேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

சூர்யாவுக்கு அநியாயம் நடந்ததா? ‘ஆமாம், நிறவெறி’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் கைதட்டு கிடைக்கும். நான் கொஞ்சம் நின்று போகிறேன். ஆட்டம் தெரிந்தவர்கள் அன்று அவர்மீது சொன்ன குறையில் உண்மை இருந்தது. அவருடைய பலம் காற்றில், தரையில் குறைவு. விளிம்பில் சாய்ந்து நீளமாக வழுக்கிப் போகிற போக்கு, நாட்டியத்தில் அரைமண்டி மாதிரி, சின்ன வயதிலிருந்து ஊறவேண்டியது. அவர் டம்ப்ளிங்கிலிருந்து வந்தவர் என்றேன் அல்லவா? ஒரு தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் நடுவில் ஓடிப் போகிற மாதிரி இருக்கும். கோலம் ஒழிந்த பிறகு மேலே வந்தவர் என்பதும் அதில் தெரியும்.

சரி, குறை இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவர்கள் எடுத்த சொல் எது? நடுவர்கள் ஆளுக்கு இரண்டு மதிப்பெண் போடுவார்கள், ஆறுக்கு. முதலாவது நுட்பத்துக்கு. இரண்டாவது கலைத்தன்மைக்கு, தமிழில் நளினம் என்று வைத்துக்கொள்வோம். நுட்பத்தில் இவரைக் குறைக்க முடியாதபோது நளினத்தில் குறைப்பார்கள். வர்ணனையாளர்கள் மற்றவர்களை ‘இளவரசி’ என்பார்கள், இவரைப் ‘பலசாலி’ என்பார்கள். தசை, வேகம், துள்ளல். பாராட்டுப் போலவே இருக்கும்.

இந்தத் தந்திரம் நமக்குத் தெரியாததா? பெண் பார்த்துவிட்டு வந்து, “படிப்பு இருக்கு, வேலை இருக்கு, எல்லாம் சரி, லட்சணம்தான்...” என்று இழுப்பார்களே. லட்சணம் என்பதற்கு அளவுகோல் உண்டா? இல்லை. அளவுகோல் இல்லை என்பதுதான் அந்தச் சொல்லின் வசதி. கறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. சபாக்களில் நாட்டியம் பார்த்துவிட்டு “ஆடறா, ஆனா களை இல்லை” என்கிறவர்களையும் கேட்டிருக்கிறேன். சூர்யா பொனாலிக்கு எத்தனை மதிப்பெண் எதனால் போயிற்று என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. குறையும் காழ்ப்பும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்த முறை அது. நால்வருக்குத் தங்கமாகத் தெரிந்தது ஐவருக்கு வெள்ளியாகத் தெரிந்தது என்றால், கோளாறு ஆட்டக்காரியிடம் மட்டும் இருக்க முடியாது.

1996இல் சூர்யாவின் குதிகால் தசைநாண் அறுந்தது. தாவுகிறவருக்கு அதுதான் மூலதனம். திரும்பி வந்தார், பழைய உயரம் இல்லை. நாகானோவில் முதல் சுற்று முடிந்தபோது ஆறாவது இடம். பதக்கம் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. 24 வயது, இந்த ஆட்டத்தில் அது கிழவி வயது. அன்று தங்கம் வென்ற தாரா லிப்பின்ஸ்கிக்கு 15.

இப்போது அந்தக் கரணத்துக்கு வருகிறேன். ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பின்கரணம் போட்டவர் டெரி குபிக்கா என்ற அமெரிக்கர், 1976 இன்ஸ்புரூக்கில். உடனே தடை. கரணம் தப்பினால் மரணம் என்பது ஒரு காரணம்; நியாயமானதுதான், கீழே இருப்பது மெத்தை இல்லை. இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது: ஸ்கேட்டிங்கில் எந்தத் தாவலும் ஒற்றைக் காலில் இறங்கவேண்டும், கரணம் இரண்டு காலில் இறங்குகிறது, ஆகவே அது சர்க்கஸ், ஸ்கேட்டிங் இல்லை. போட்டிக்கு வெளியே காட்சி ஆட்டங்களில் ஸ்காட் ஹாமில்டன் போன்ற சாம்பியன்கள் அதைப் போட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சூர்யா இறங்கியது ஒற்றைக் காலில். வெறும் கோபத்தில் போட்ட கரணமாக இருந்திருந்தால் இரண்டு காலே போதும். தடைக்குச் சொன்ன காரணத்தை எடுத்து, அதே விதியின்படி பதில் எழுதிக் கொடுத்தார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் நடுவர்களுக்கு முதுகைக் காட்டி, மக்கள் பக்கம் திரும்பி நின்று வணங்கினார்.

கையாகே திரும்ப வருவார் என்றேனே. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடி ஆட்டத்தில் பெரிய ஊழல் வெடித்தது. பிரெஞ்சு நடுவர் மரி-ரேன் லெ கூன் நெருக்கடிக்குப் பணிந்து ஓட்டுப் போட்டதாகப் புகார். ரஷ்ய ஜோடிக்குக் கொடுத்த தங்கம் அவர்களிடமே இருக்க, கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் கொடுத்துச் சமாளித்தார்கள். நடுவருக்கு மூன்றாண்டு தடை. அவரோடு சேர்த்து மூன்றாண்டு தடை வாங்கியவர் பிரெஞ்சு ஸ்கேட்டிங் சம்மேளனத்தின் தலைவர். யார்? திதியே கையாகே! ஆறுக்கு மதிப்பெண் போடும் பழைய முறை அத்தோடு செத்தது. இப்போது ஒவ்வொரு தாவலுக்கும் தனி விலை உண்டு, வீடியோவை நிறுத்திச் சுற்றை எண்ணுகிறார்கள். சூர்யாவுக்குப் பத்து வருடம் தாமதம்.

போட்டியை விட்டபின் அவர் அமெரிக்கா போனார். சாம்பியன்ஸ் ஆன் ஐஸ் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். அங்கே கரணத்துக்குத் தடையில்லை, அதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கினார்கள். 2004இல் அமெரிக்கக் குடியுரிமை. பிறகு மின்னசோட்டாவில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. இந்தத் துறையின் சாம்பியன்களுக்கு இதுவே நல்ல முடிவு. மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நார்வேயின் சோனியா ஹெனி ஹாலிவுட் நட்சத்திரமாகிக் கோடி கோடியாகச் சம்பாதித்தார். அதெல்லாம் ஒருவருக்குத்தான் நடக்கும்.

நம் நாட்டைப் பற்றி யாராவது கேட்பீர்கள். சிம்லாவில் 1920 முதல் திறந்தவெளிப் பனிக்களம் இருக்கிறது, குளிர் இருந்தால் ஐஸ் இருக்கும். டேராடூனில் ஒன்று கட்டினார்கள். அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத் இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு நமக்காக ஆடுகிறார். 2025இல் ஹார்பின் ஆசிய குளிர்கால விளையாட்டுக்கும் போனார். பனி இல்லாத நமக்குச் சக்கரம்தான் தோது. ஐதராபாத்தின் அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங்கில் இரண்டு வெண்கலம் வாங்கினார், ஒன்று தனியாக, ஒன்று அவனி பஞ்சாலோடு ஜோடியாக. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்தியதும் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிற நம் பிள்ளைகளுக்கு வேகம்தான் தெரியும், அதில் ஆடவும் செய்யலாம் என்பதை யாராவது சொல்லவேண்டும்.

கரணத்துக்கே திரும்புகிறேன். 2024 ஜனவரி, லிதுவேனியாவில் ஐரோப்பியப் போட்டி. அதாம் சியாவ் ஹிம் ஃபா என்ற பிரெஞ்சு இளைஞர், பெற்றோர் மொரீஷியஸ் சீனர்கள், தடை இருக்கும்போதே பின்கரணம் போட்டார். அபராதம் இரண்டு மதிப்பெண். கட்டிவிட்டுத் தங்கமும் வாங்கினார். மார்ச்சில் மாண்ட்ரியல் உலகப் போட்டி. முதல் சுற்றில் 19ஆவது இடத்துக்கு விழுந்தவர், அடுத்த சுற்றில் மறுபடி கரணம், மறுபடி அபராதம், மேலேறி வெண்கலம். அந்த வருடமே சர்வதேச சம்மேளனம் தடையை எடுத்துவிட்டது. 48 வருடத் தடை. சூர்யாவின் பத்தாவது இடம் பத்தாவதாகவே இருக்கிறது.

பெரியப்பா இதைப் பார்க்க இல்லை. நாகானோ அன்று மதிப்பெண் வரும்வரை நின்றுகொண்டேதான் இருந்தார். கடைசியில் பட்டியல் வந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியவில்லை.

“எத்தனாவது போட்டான்?”

“பத்தாவது பெரியப்பா.”

டிவியை அணைத்தார். மூலையிலிருந்த பெத்தாங் விளையாட்டுக் குண்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். சாயங்காலம் கடற்கரையில் அவர் ஜமா காத்திருக்கும். வாசற்படி இறங்கும்போது திரும்பி, “நடுவருங்களுக்கு முதுகக் காட்டி நின்னா பாத்தியா? பட்டாளத்துல இதுக்கு எட்டு நாள் உள்ள போடுவான்” என்றார். சிரித்துக்கொண்டே போனார்.